பாட்டைத் தரம் பிரிப்போம், பாடியவரை அல்ல!

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல்)



பிடித்த பாடகரின் பாட்டைப் பற்றிப் பேசினால் புகழ்ந்துதான் பேச வேண்டும். புகழ மனமில்லாவிட்டால் வாய்மூடி இருக்க வேண்டும். இன்றைய இளைஞர் உலகில் இது எழுதாத சட்டமாகி விட்டது. சிறந்த பத்துப் பாடல்களைப் பட்டியலிட ஆயிரம் பேர் முன்வருவார்கள். ஆனால், "உனக்கு மிகவும் பிடித்த குழுவின் பாடல்களில் எது மிகவும் பலவீனமானது? ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டவனைப் பகைவனைப் போல் பார்ப்பார்கள்!

இந்தக் கேள்வியை ஒருமுறையேனும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும் என்பதே என் எண்ணம். குறையைக் கண்டு, அதற்குப் பெயர் வைத்து, வரிசைப்படுத்தத் தெரிந்தவனே நிறையையும் உள்ளபடி அறிவான். எனினும் அந்த வரிசையில் நிறுத்த வேண்டியது பாட்டை மட்டுமே. பாடும் பெண்ணை நிறுத்தினால் அது திறனாய்வு ஆகாது, தீங்கு ஆகும். இவ்விரண்டையும் விளக்க, நம் மாணவர் விடுதிகளின் அறைதோறும் இன்று ஒலிக்கும் ஒரு பெண்கள் குழுவை எடுத்துக் கொள்கிறேன்.

வைடூரியத்தின் பெயர் கொண்ட குழு

அக்குழுவின் பெயர் 'கேட்ஸ்ஐ'. பூனைக்கண் போல் ஒளிக்கோடு ஓடும் வைடூரியக் கல்லின் ஆங்கிலப் பெயரே அது. கொரியாவின் ஹைப் நிறுவனமும் அமெரிக்காவின் கெஃபன் நிறுவனமும் சேர்ந்து நடத்திய 'ட்ரீம் அகாடமி' என்ற போட்டியில் பல நாடுகளைச் சேர்ந்த 20 பெண்கள் இறங்கினார்கள். 2023 நவம்பரில் அவர்களுள் அறுவர் தேர்வு பெற்றனர். பிலிப்பைன்சைச் சேர்ந்த சோஃபியா, சுவிட்சர்லாந்தின் மனோன், கொரியாவின் யூன்சே, அமெரிக்காவிலிருந்து டானியேலா, லாரா, மேகன் என்போரே அந்த அறுவர்.

இவர்களுள் லாரா தமிழ்க் குடும்பத்துப் பெண். அமெரிக்காவில் பிறந்தவர், நெற்றியில் பொட்டு வைத்து உலக மேடைகளில் ஆடிப் பாடுகிறவர். இச்செய்தி தெரிந்த நாள் முதல் நம்மிடையே அக்குழுவைப் பற்றிய பேச்சின் போக்கே மாறி விட்டது. "நம்ம புள்ளைங்க அது!" என்ற ஒரே சொல்லில் எல்லாப் பாடல்களும் நூற்றுக்கு நூறு பெற்று விடுகின்றன. பொட்டு வைத்த ஒரு பெண் அந்த மேடையில் நிற்பதைக் கண்டு எனக்கும் மகிழ்ச்சி உண்டு. ஆனால் மகிழ்ச்சி வேறு, மதிப்பெண் வேறு அல்லவா? நம்மவர் என்பது உறவு. அது தரம் ஆகாது.

பெண்கள் கூடிப் பாடுவது நமக்குப் புதிதும் அல்ல. சூலமங்கலம் சகோதரிகளின் குரல் கேட்காத முருகன் கோயில் கொங்கு நாட்டில் உண்டா? ஆண்களே ஆடி வந்த வள்ளி கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக் கொடுத்த கோவை மாவட்டத்துப் பத்ரப்பன் அவர்களுக்கு 2024-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டதை நாம் அறிவோம். கும்மியில் ஒரு கை தாளம் தவறினாலும் வட்டத்துக்கு வெளியே அமர்ந்திருக்கும் பாட்டிமார் உடனே கண்டுபிடித்து விடுவார்கள். பேத்தி ஆடுகிறாள் என்பதற்காகப் பேசாமல் இருக்க மாட்டார்கள்!

குற்றத்துக்குப் பெயர் வைத்த மரபு

குறை காண்பது பொறாமையின் வேலை என்று சிலர் கருதுகிறார்கள். தமிழ் மரபு அப்படிக் கருதவில்லை. பாட்டில் பிழை கண்டபோது பாடியவர் யார் என்று பார்த்து அஞ்சாத நக்கீரரின் கதையைச் சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வள்ளுவரோ, 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தில், குணத்தையும் ஆராய்ந்து குற்றத்தையும் ஆராய்ந்து, எது மிகுதி என்று பார்த்து முடிவு செய்யச் சொல்கிறார். குற்றத்தைப் பாராதே என்று அவர் சொல்லவில்லை. குற்றத்தை மட்டுமே பார் என்றும் சொல்லவில்லை.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் மணிக்கடை வீதியைக் காண்கிறான். அங்கே வயிரத்துக்கு வரும் குற்றங்களைத் தனித்தனிப் பெயர் சொல்லிப் பிரித்துக் காட்டுகிறார் இளங்கோவடிகள். காக்கையின் கால்தடம் போல் கல்லுக்குள் தெரியும் கீற்றுக்குக் 'காகபாதம்' என்று பெயர்! நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் அகழாய்வாளர்கள் கண்டெடுத்த மணிகளும் கல்லை அறுத்து மணி செய்த தடயங்களும், கொங்கு நாட்டுக்காரனும் கல்லின் குற்றம் பார்க்கத் தெரிந்தவனாகவே இருந்திருக்க வேண்டும் என்பதை எடுத்துக் காட்டுகின்றன. வைடூரியத்தின் பெயர் கொண்ட குழுவுக்கு இந்த அளவுகோல் பொருந்தாமல் போகுமா?

இன்றும் நம் நாட்டில் தரம் பிரிக்காத தொழில் ஏது? ஈரோட்டு மஞ்சள் சந்தையில் விரலி வேறு, கிழங்கு வேறு. பொள்ளாச்சிக் கொப்பரையில் ஒன்றாம் தரம் வேறு, இரண்டாம் தரம் வேறு. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் செக்கிங் என்று ஒரு பிரிவு உண்டு. தைத்து வந்த பீஸை மேசை மேல் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்த்து, குறையுள்ள இடத்தில் சிறு அம்புக்குறி ஒட்டுவார்கள். என் தாயார் அந்த மேசையருகே நின்றுதான் என்னைக் கல்லூரிக்கு அனுப்புகிறார். அவரிடம் அந்த வேலையைப் பற்றி ஒரு நாள் கேட்டேன். "எங்கே போச்சுன்னு காட்டோணும் கண்ணு. சும்மா சரியில்லேன்னு தூக்கிப் போட்டா, தெச்சவளுக்கு என்ன தெரியும்?" என்றார். திறனாய்வுக்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணத்தை நான் இதுவரை படித்ததில்லை.

எண் மட்டும் தரம் ஆகுமா?

"எந்தப் பாட்டு பலவீனமானது என்பதை விற்பனைக் கணக்கே சொல்லி விடுமே, நாம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். பாட்டுக்கு வரிசை எண் கொடுப்பது நெடுநாளைய வழக்கம். 1952-இல் இலங்கை வானொலியில் அமீன் சயானி தொடங்கிய 'பினாகா கீத்மாலா' என்ற இந்திப் பாடல் நிகழ்ச்சி, வாரந்தோறும் பாடல்களை வரிசைப்படுத்தியே நாடெங்கும் புகழ் பெற்றது. ஆனால் வரிசை எண்ணும் தரமும் ஒன்றல்ல.

இங்கிலாந்தின் 'ஸ்பைஸ் கேர்ள்ஸ்' குழுவை எடுத்துக் கொள்வோம். 1996 முதல் அவர்கள் வெளியிட்ட முதல் ஆறு தனிப்பாடல்களும் அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றன. ஏழாவதாக 1998-இல் வந்த 'ஸ்டாப்' இரண்டாம் இடத்தோடு நின்று விட்டது. கணக்குப்படி பார்த்தால் அந்த ஏழில் அதுவே பலவீனமான பாட்டு. ஆனால் அதைக் கேட்டுப் பாருங்கள்! துள்ளும் தாளமும் எளிதில் கைகோக்கும் பல்லவியும் கொண்ட அப்பாட்டை, முதலிடம் பெற்ற சில பாடல்களுக்கு மேலாகவே நான் வைப்பேன். எனவே எண்ணை ஒதுக்கி வைத்து விட்டுக் காதைக் கொண்டு பார்ப்போம்.

பலவீனத்தின் வரிசை

'கேட்ஸ்ஐ' குழு 2024-இல் ஒன்றும் 2025-இல் ஒன்றுமாக இரு சிறு தொகுப்புகளை வெளியிட்டது. அவற்றின் முன்னோடியாகத் தனித்து வந்தவை நான்கு பாடல்கள். அந்த நான்கை மட்டும் எடுத்துக் கொண்டு, மிகவும் பலவீனமானதில் தொடங்கிப் படிப்படியாக மேலே செல்கிறேன். நான் வைக்கும் அளவுகோல்கள் மூன்று: மெட்டு நிற்கிறதா? சொல் நிற்கிறதா? பாடும் குரல் இன்னாருடையது என்று தெரிகிறதா?

முதலாவது பலவீனம், 'டெபியூ'. 2024 ஜூனில் வந்த இப்பாட்டின் பெயருக்கே 'அரங்கேற்றம்' என்று பொருள். "நாங்கள் வந்து விட்டோம்" என்பதே பாட்டின் செய்தி. வந்தது யார் என்பதைத்தான் பாட்டு சொல்லவில்லை! பல நாடுகளின் வேர்களைக் கொண்ட ஆறு குரல்கள் இருந்தும், எல்லாவற்றையும் ஒரே வண்ணத்தில் முக்கி எடுத்தாற்போல் இருக்கிறது. பெயரை மாற்றி வேறு எந்தக் குழுவிடம் கொடுத்தாலும் அவர்களும் பாடி விடலாம். அரங்கேற்றத்துக்கு இதைவிடப் பெரிய குறை இருக்க முடியாது. இங்கே அம்பு ஒட்ட வேண்டிய இடம் மூன்றாவது அளவுகோல்: அடையாளமின்மை.

இரண்டாவது, 2025 ஏப்ரல் இறுதியில் வந்த 'நார்லி'. என் நண்பர்களில் பாதிப்பேர் இதைத்தான் முதலிடத்தில் வைக்கச் சொன்னார்கள். "இது பாட்டா, இரைச்சலா?" என்பது அவர்கள் வாதம். அவ்வாதத்தை நான் ஏற்கவில்லை. திருவிழாக்களில் ஜமாப் மேளம் மார்பில் வந்து மோதக் கேட்டு வளர்ந்த நாம், ஓசை பெரிது என்பதற்காக ஒரு பாட்டைத் தள்ளலாமா? அந்தக் கரகரப்பு வேண்டுமென்றே செய்தது. அது அப்பாட்டின் துணிவு. 'நார்லி' என்பது அமெரிக்க இளைஞர்கள் மிக மோசமானதற்கும் மிக அருமையானதற்கும் ஒருசேரப் பயன்படுத்தும் சொல். நாமும் "பயங்கரமா இருந்துச்சு" என்கிறோமே, அதுபோல. நல்லதையும் கெட்டதையும் ஒரே சொல்லால் விழுங்கி விடும் உலகத்தைக் கேலி செய்வது நல்ல கருத்துத்தான். ஆனால் அந்த ஒரு சொல்லை விட்டால் பாட்டில் வேறு சொல் நிற்பதில்லை. மேடையில் அவர்கள் ஆடுவதைப் பார்த்தால் பாட்டு எழுந்து நிற்கிறது. கண்ணை மூடிக் கொண்டு கேட்டால் பாதி சரிந்து விடுகிறது. பாட்டின் எடையை ஆட்டம் சுமக்கிறது என்பதே இதன் குறை. இதில் நமக்கு ஒரு பாடமும் இருக்கிறது. அமெரிக்காவின் பில்போர்டு நூறு பாடல் பட்டியலில் இக்குழுவை முதன்முதலாக நுழைய வைத்தது இந்தக் குறையுள்ள பாட்டே! குறையுள்ளது தோற்றுத்தான் ஆக வேண்டும் என்று விதி இல்லை.

மூன்றாவது, 2025 ஜூனில் வந்த 'கேப்ரியேலா'. மெட்டில் குறையில்லை, கிதார் இழையும் தென்னமெரிக்கச் சாயலும் ஒருமுறை கேட்டாலே மனத்தில் தங்கி விடுகின்றன. டானியேலா ஸ்பானிஷ் மொழியில் பாடும் பகுதி வந்ததும் பாட்டுக்குப் புது உயிர் வருகிறது. தன் வீட்டு மொழியில் பாடும்போது குரலுக்கு வரும் உரிமை அது. பிறகு குறை எங்கே? கதையில். "என்னவனை என்னிடமிருந்து பறித்து விடாதே" என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் கெஞ்சுகிறாள். அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன் 1973-இல் 'ஜோலீன்' பாட்டில் இதே கெஞ்சலைக் கேட்க வைத்து விட்டார். ஐம்பதாண்டுகளுக்குப் பிறகு, தன் காலில் நிற்க வந்த ஆறு பெண்களுக்கு வேறு கதை கிடைக்கவில்லையா? மனம் மாறுகிறவன் ஒருவன் இருக்க, அவனை ஒரு கேள்வியும் கேட்காமல் பெண்ணும் பெண்ணும் வழக்காடுவது நம் திரைப்படங்களிலும் பார்த்துச் சலித்ததுதான். 2025 நவம்பரில் கிராமி விருதுக்கான பரிந்துரைப் பட்டியலில் இப்பாட்டும் இடம் பெற்றது. அது பெருமை. ஆனால் பரிந்துரை வந்ததால் கதை புதிதாகி விடாது.

நான்காவது, அதாவது குறை மிகக் குறைந்தது, 2024 ஜூலையில் வந்த 'டச்'. தன்னைக் கவனியாத ஒருவனுக்காகக் காத்திருந்து அலுத்துப் போன பெண்ணின் மெல்லிய முணுமுணுப்பு. கத்தவில்லை, கொஞ்சவும் இல்லை. விரல்களால் செய்யும் சிறு அசைவுகளே அந்த ஆட்டத்தை உலகெங்கும் பரப்பின. மெட்டு நிற்கிறது, சொல் நிற்கிறது, குரல்களும் ஒன்றையொன்று மறைக்கவில்லை. குறையே இல்லையா? உண்டு. இரண்டு நிமிடத்தைச் சற்றே தாண்டியதும் பாட்டு முடிந்து விடுகிறது. பல்லவியைக் கேட்டு நாம் நிமிர்ந்து உட்காரும்போது இலையை மடித்து விடுகிறார்கள். பசி தீராத குறை, பிடிக்காத குறையைவிட மேலானது அல்லவா?

இந்த வரிசையில் லாராவின் தமிழ் எங்கே என்று சிலர் கேட்கலாம். இந்நான்கு பாடல்களிலும் தமிழ் இல்லை. அதைக் குறையாக நான் எழுத மாட்டேன். வராத பாட்டுக்கு மதிப்பெண் போட முடியாது. ஆனால் ஸ்பானிஷ் பகுதி 'கேப்ரியேலா'வுக்கு என்ன செய்தது என்று கேட்டவர்கள், ஒரு நாள் தமிழும் அப்படி வந்தால் என்ன ஆகும் என்று எண்ணாமல் இருக்க முடியாது.

அம்பு யார் மேல்?

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய உண்மையான காரணத்துக்கு வருகிறேன்.

மேலே நான்கு பாடல்களைக் குறை சொன்னேன். அவற்றுள் ஒரு வரியாவது பாடியவரின் நிறத்தையோ உடலையோ பிறந்த நாட்டையோ பற்றியதா? இல்லை. அவற்றைத் தொடாமலே ஒரு பாட்டை முழுமையாகத் தரம் பிரிக்க முடியும் என்பதற்கு இதுவே சான்று. ஆனால் உலகம் அப்படிச் செய்வதில்லை. இக்குழு பிறந்ததே மனிதரை வரிசைப்படுத்தும் ஒரு போட்டியில்தான். ஒவ்வொரு சுற்றிலும் பெண்களுக்கு இடம் குறிக்கப்பட்டது, பின்தங்கியவர்கள் வெளியேறினார்கள். போட்டி முடிந்த பின்னும் வரிசை முடியவில்லை. யார் அழகு, யார் வேண்டாதவர், யாரை நீக்கலாம் என்று ஊர்பேர் தெரியாதவர்கள் நாள்தோறும் பட்டியல் போடுகிறார்கள். தங்களுக்குக் கொலை மிரட்டல்கள் வந்ததை இக்குழுவினர் 2025-இல் பி.பி.சி.யிடமே கூறினார்கள். பாட்டுப் பாடியதற்கா கொலை மிரட்டல்?

இது எங்கோ அமெரிக்காவில் நடப்பது என்று தள்ளி விட வேண்டாம். கலை விழா மேடைகளில் ஒரு மாணவி பாட ஏறும்போது கடைசி வரிசையிலிருந்து எழும் குரல்களை நாம் கேட்டதில்லையா? சுருதி விலகியது என்று ஒருவர் சொன்னால் அவள் அடுத்த முறை திருத்திக் கொள்வாள். அவள் நிறத்தையும் சேலையையும் பற்றிக் கூவினால் அவள் எதைத் திருத்துவாள்? அடுத்த ஆண்டு மேடைக்கே வர மாட்டாள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள் நம்மில் பலர். ஒரு முறை பின்வாங்கினால் மறுபடி முன்னே வர எத்தனை துணிவு வேண்டும் என்பது நமக்குத் தெரியாதா?

இதற்கு அஞ்சி, "ஒருவரையும் ஒன்றும் சொல்லாதீர்கள், எல்லாவற்றுக்கும் கை தட்டுங்கள்" என்பாரும் உண்டு. அதையும் என்னால் ஏற்க முடியவில்லை. பொய்க் கைதட்டலும் ஒருவகைப் புறக்கணிப்பே. "ஏதோ, நம்ம பொண்ணு பாடினா" என்று சொல்லி மதிப்பெண் போடுகிறவர், அவள் இதைவிட நன்றாகப் பாட முடியும் என்று நம்பவில்லை என்றுதான் பொருள். ஆய்வகத்தில் நம் அளவீடு தவறாக வந்தால் ஆசிரியர் பிழைச் சதவீதத்தைக் கணக்கிட்டு எழுதச் சொல்கிறார். அதை அவமானம் என்று நாம் நினைக்கிறோமா? நம்மால் சரியாக அளக்க முடியும் என்ற நம்பிக்கையால் அல்லவா அவர் அப்படிச் சொல்கிறார்!

ஆகவே நண்பர்களே! பிடித்த பாட்டைக் கொண்டாடுங்கள். அதே குழுவின் பலவீனமான பாட்டையும் தேடிப் பிடியுங்கள். எங்கே தையல் விட்டது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். காரணம் சொல்ல முடியாத குறையைச் சொல்லாதீர்கள். காரணம் தெரிந்த குறையை மறைக்காதீர்கள். என் வரிசை தவறு என்று தோன்றினால் உங்கள் வரிசையை எழுதுங்கள். 'டெபியூ' பாட்டுக்காக வாதாட யாரேனும் வந்தால் மகிழ்ச்சியோடு கேட்பேன். ஆனால் ஒன்றை மட்டும் மறவாதீர்கள். அம்புக்குறி துணியின் மேல் ஒட்டுவதற்கு உரியது. தைத்தவளின் நெற்றியில் ஒட்டுவதற்கு அன்று!